ரேடியேட்டர் ஆசிட்டும் ரிமோட் காரும்

ஈயம் வைக்க எந்த சால்டரிங் அயர்ன் வாங்கலாம் என்று நம் ரிமோட் கார் கடை வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாங்கிய பெட்டியின் படத்தைக் கையோடு போட்டு, "எப்படி அக்கா இருக்கு?" என்று இன்னொரு கேள்வியையும் போட்டுவிட்டார். நீல வெளிச்சத்தில் எண் ஓடும் திரை, சூடேறும் முனையில் ஊசி மாதிரி பிட். நன்றாகத்தான் இருக்கிறது. கம்மல் செய்கிறவரிடம் கொடுத்தால் சந்தோஷப்படுவார். நீங்கள் ஈயம் வைக்கப் போவது ரிமோட் கார் பேட்டரியின் வயரில். பென்சிலைவிடக் கொஞ்சம்தான் ஒல்லியாக இருக்கும் செம்பு வயர் அது.

இன்னொருவர் போன வாரம் "பேட்டரியைப் பத்த வெச்சாச்சு அக்கா" என்று எழுதிவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டார். ஈயம் வைத்ததைத்தான் அப்படிச் சொன்னாராம். லித்தியம் பேட்டரி விஷயத்தில் இந்த வார்த்தையை எழுதினால் படிக்கிறவள் மணல் வாளியைத் தேடுவாள் என்று தெரிய வேண்டாமா? அவர் திரும்பப் போனை எடுக்கும் வரை என் உயிர் என்னிடம் இல்லை. இனிமேல் ஈயம் வைத்தேன் என்றே எழுதுங்கள்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் சர்வீஸ் மேசையில் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். அதற்கு முன்பு சேலத்தில் ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில் ஈயம் வைக்கும் வேலை. அங்கே வயதாகிவிட்டது என்று மாலை போட்டு அனுப்பினார்கள். சும்மா இருக்க முடியாமல் அஸ்தம்பட்டியில் இருக்கும் நம் கடைக்கு வந்தேன். இப்போது கண்ணாடி போட்டும் கண் வலிக்கிறது என்று நானே எழுந்துகொண்டேன். நான் கோபக்காரி என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மனிதர்களிடம் எனக்கு அவ்வளவாகக் கோபம் வராது. மோசமாக ஈயம் வைத்த வயரைப் பார்த்தால் வரும்.

இன்ன இன்னது வாங்குங்கள் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். அதனால் ஆத்தூரில் நடந்த ஒரு பந்தயத்தைச் சொல்கிறேன். அயர்ன், பிட், பேஸ்ட், ஈயம் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். நாங்கள் ஜெயித்த பந்தயம் என்பதால் சொல்ல எனக்கும் ஆசையாக இருக்கிறது.

தங்கராசு எருமப்பட்டிக்காரர். நாமக்கல் லாரியை வடநாடு வரைக்கும் ஓட்டிப் போய் வந்தவர். ஒரு நாள் லோடுக்குத் தார்ப்பாய் கட்டும்போது கயிற்றுக் கொக்கி தெறித்து ஒரு கண்ணில் அடித்துவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு லாரி லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நம் கடைக்கு எதிரே இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து போய்க்கொண்டிருந்தார். டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற நேரத்தில் நம் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு முறை ரிமோட்டை நீட்டினேன். காரை அப்படியே ரிவர்ஸில் எடுத்து இரண்டு நாற்காலிக் கால்களுக்கு நடுவே உரசாமல் நிறுத்தினார். எதிரே ஆஸ்பத்திரியில் அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு, அடுத்த எண்ணுக்கும் போய்விட்டார்கள். அவருக்குக் காதில் விழவே இல்லை.

அவர் மனைவி மல்லிகா கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். காலையில் அவர் கிளம்பிப் போவதை வீட்டில் இருந்தபடி பார்ப்பது தங்கராசுவுக்குப் பொறுக்கவில்லை. வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் வாட்ச்மேன் வேலைதான் கிடைத்தது. "ஓடுற வண்டியில உக்காந்தவன, கேட்டுக்குப் பக்கத்துல சேரு போட்டு உக்காரச் சொல்றாங்கக்கா" என்று ஒரு முறை சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் ரிமோட் கார் தயாரிக்கும் ஒரு கோயம்புத்தூர் கம்பெனி தன் நாமக்கல் கிளைக்கு ஆள் தேடியது. புது வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும், ஊர் ஊராகப் போய் ஓட்டிக் காட்ட வேண்டும். மாதச் சம்பளம். ஆத்தூர்ப் பந்தயத்தைப் பார்க்க அவர்களுடைய மேனேஜரே வருவதாகவும், ஜெயிக்கிறவருக்கு அந்த வேலை என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தங்கராசு அதற்குள் நம் கடையில் ஒரு கார் வாங்கியிருந்தார்; அவர் துடைத்த துடைப்பில் அதன் பெயிண்டே போய்விட்டது.

பந்தயம் ஒரு சேகோ ஆலையின் களத்தில் நடந்தது. வண்டிக்கு ஏதாவது ஆனால் பார்க்க நானும் அயர்னோடு கூடப் போயிருந்தேன். ஜவ்வரிசி காயப் போடும் பெரிய சிமென்ட் களம் அது. மரவள்ளிக் கிழங்கு வராத ஆடி மாதத்தில் காலியாகக் கிடக்கும். ரிமோட் கார் ஓட்ட அதைவிட நல்ல தரை நம் பக்கத்தில் கிடையாது. மூலைகளில் மட்டும், எத்தனை பெருக்கினாலும் மாவு கொஞ்சம் தங்கியிருக்கும். டயர் பட்டால் வழுக்கும். ஆலை ஓடாததால் களத்துப் பக்கம் கரண்ட் இல்லை. மைக் செட்டுக்காரர் கொண்டுவந்த ஜெனரேட்டர்தான் எல்லாவற்றுக்கும்.

இரண்டு சோதனை ஓட்டம், பிறகு ஃபைனல். சோதனை ஓட்டத்தில் யார் வேகமோ அவர் ஃபைனலில் முன்னால் நிற்பார். முதல் சோதனையில் தங்கராசுவின் கார் வளைவுகளில் ஒழுங்காகப் போனது. நேர்ப் பாதைக்கு வந்து முழு வேகம் கொடுத்ததும் விக்கியது, நின்றது, மறுபடி ஓடியது. கடைசி இடம். கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மோட்டார் போய்விட்டது என்றார் ஒருவர், ரிமோட் சிக்னல் என்றார் இன்னொருவர். மேனேஜர் பந்தலுக்குள் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதை வண்டியோடு இணைக்கும் கனெக்டரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. வயரின் மேலே போட்டிருந்த கறுப்பு ஸ்லீவ் உறையைப் பிளேடால் கீறினேன். உள்ளே வயர் பச்சையாக இருந்தது, பாசி பிடித்த மாதிரி.

"இத யாரு வெச்சுக் குடுத்தது?" என்றேன்.

"நம்ம ரேடியேட்டர் கடையிலங்கக்கா. புது பேட்டரிக்கு மஞ்சக் கனெக்டரு வந்துச்சுங்க, வண்டியில இருந்தது வேற, அத மாத்த வேண்டியதாப் போச்சுங்க. சேலம் வாரதுக்கு நேரமில்லீங்க. அவரு ஈயம் வெச்சா லாரி ரேடியேட்டரே ஒரு சொட்டு ஒழுகாது. இது சின்ன வயருதானுங்களே?"

"என்னத்தத் தடவி வெச்சாரு?"

"ஆசிட்டுத்தானுங்க. புகை குபுகுபுன்னு வந்துச்சு, ஈயம் ஓடிப் போய்ப் பிடிச்சுக்கிச்சு. பளபளன்னு இருந்துச்சுங்கக்கா!"

நாமக்கல் பக்கத்து ஆளைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். தெருவுக்குத் தெரு ரேடியேட்டர் கடை இருக்கிற ஊர். ரேடியேட்டருக்கு அந்த ஆசிட் சரி. துரு, அழுக்கு எல்லாவற்றையும் அரித்துவிட்டு ஈயத்துக்கு வழி விடும், வேலை முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவார்கள். நம் வயர் முடி முடியாக நூற்றுக்கணக்கான இழை. இழைகளுக்கு நடுவே போன ஆசிட்டை யார் கழுவுவது? ரப்பர் உறைக்குள் ஏறி, உட்கார்ந்து, செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். மேலே பளபளப்பு, உள்ளே ஒன்றும் இல்லை. மெதுவாக ஓட்டினால் தெரியாது. முழு வேகத்துக்குக் கரண்ட் இழுக்கும்போது மூச்சு முட்டும். ஈயம் பிடிக்கத் தடவும் பேஸ்ட் பிசினில் செய்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் என நான் தொண்டை கிழியக் கத்துவது இதனால்தான். ஈயக்கம்பியும் அப்படித்தான், நடுவில் பிசின் ஓடுகிற மெல்லிய கம்பி.

பக்கத்து மேசையில் சதீஷ் இருந்தார். சேலத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவர், நல்ல கைக்காரர். "அக்கா, என் சால்டரிங் மெஷின் நானூறு டிகிரியில ரெடியா இருக்கு. பச்சையா இருக்குறத வெட்டிட்டு ஒரு துண்டு வயர் சேத்துட்டா போதும். ரெண்டாவது சோதனைக்குப் பிடிச்சுடலாம்" என்றார்.

வெட்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்பு. இன்னும் கொஞ்சம் வெட்டினேன். அங்கேயும் கறுப்பு. ஸ்பீடு கண்ட்ரோலர் வரைக்கும் ஆசிட் ஏறியிருந்தது. கண்ட்ரோலர் என்பது மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் விடுவது என்று தீர்மானிக்கும் சின்னப் பெட்டி. அது எரிந்தால் கார் அன்றைக்கு அவ்வளவுதான். துண்டு வயர் சேர்த்தால் அழுகின வயரின் மேலேயே புது வயரை ஒட்டின மாதிரி. இரண்டு வயரையும் முழுசாகப் பிடுங்கிவிட்டு, கண்ட்ரோலருக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையிலேயே புது வயர் வைக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும்.

"ரெண்டாவது சோதனைய விட்டுடுங்க தங்கராசு" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "அக்கா, அதையும் உட்டா ஃபைனல்ல கடைசியில நிக்கோணுமுங்க."

"கடைசியில நின்னா முந்திப் போகலாம். பாதியில நின்னுட்டா முந்த முடியாது."

அவர் காரைக் கையில் எடுத்துக்கொண்டார். சதீஷின் மெஷினைப் பார்த்தார், பந்தலில் இருந்த மேனேஜரைப் பார்த்தார். நான் சொன்னது தப்பாகப் போனால் வேலை போவது எனக்கு இல்லை, அவருக்கு. ஒலிபெருக்கியில் இரண்டாவது சோதனைக்கு வண்டிகளைக் கூப்பிட்டார்கள். அவர் காரை என் முன்னால் திரும்ப வைத்தார்.

"செய்யுங்கக்கா. நிதானமாவே செய்யுங்க."

இப்போது பிட் விஷயத்துக்கு வருகிறேன். ஊசி பிட் சின்னது, பலகையைச் சுடாது, பாதுகாப்பு என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். தடித்த செம்பில் ஊசியை வைத்தால் அதன் சூட்டை வயர் ஒரே வாயில் விழுங்கிவிடும். ஈயம் உருகாது. நீங்கள் அழுத்திக்கொண்டே காத்திருப்பீர்கள். அந்தக் காத்திருப்பில்தான் பலகை வெந்து போகிறது. உளி மாதிரி தட்டையான, தடித்த பிட் என்றால் தன்னிடம் சேர்த்து வைத்த சூட்டை ஒரே தடவையில் கொடுக்கும், ஈயம் ஓடும், கையை எடுத்துவிடலாம். எண் எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட எவ்வளவு சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் பேச்சு. என்னுடையது வெறும் அறுபது வாட் அயர்ன்தான். பிட் மட்டும் சுண்டு விரல் பருமன்.

அப்படிப்பட்ட பிட்டும் அன்று வேலை செய்யவில்லை. ஆடிக் காற்று களத்தைப் பெருக்கிக்கொண்டு போனது. அட்டைப் பெட்டியைக் காற்றுக்கு மறைப்பாக வைத்தேன், பெட்டி பறந்தது. பிட்டில் வைத்த ஈயம் உருகாமல் கஞ்சி மாதிரி குழைந்தது. அப்படி வைத்தால் பார்க்க ஒட்டினது போல இருக்கும், தட்டினால் கழன்று வரும்.

"அக்கா, அங்க லாரி நிக்குதுங்க. கேபின்ல கண்ணாடிய ஏத்திக்கிட்டாப் பொட்டுக் காத்து வராது" என்றார் தங்கராசு.

ஆலை லாரி. சாவி வாங்கி வந்தார். நான் ஜெனரேட்டரிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு கிளீனர் பக்கமாக ஏறினேன். அவர் பழக்க தோஷத்தில் டிரைவர் பக்கம் போய், கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார். அவர் கை தானாகக் கியர் தடிக்குப் போனது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி வயரை உரித்தேன். காற்று நின்றுவிட்டது, ஆனால் அயர்ன் இன்னும் சுடவில்லை. பிட்டில் ஈயம் வைத்தால் உருண்டு விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைக் செட் அலறுகிறது, ஒரு மேசை முழுக்கச் சார்ஜர்கள் ஓடுகின்றன, எல்லாம் அந்த ஒரு ஜெனரேட்டரில். எனக்கு வர வேண்டிய கரண்ட் அத்தனை வாய்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கி, சதீஷைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஓடிப் போய் ஒவ்வொரு சார்ஜராகக் கழற்றினார். மைக் செட்டை மட்டும் அறிவிப்பாளர் விடவில்லை. ஆத்தூர்க்காரர், நேராக லாரிக்கே வந்துவிட்டார்.

"மைக் இல்லாம நான் எப்படிம்மா பந்தயம் நடத்துறது?"

"வாயால நடத்துங்க. உங்க தொண்டை வாழப்பாடி வரைக்கும் கேக்கும்."

அவர் முறைத்தார். நானும் முறைத்தேன். என் முறைப்பு பழைய முறைப்பு, கம்பெனி சூப்பர்வைசர்களே தாங்கியதில்லை. மைக் நின்றது. பிட்டில் வைத்த ஈயம் பாதரசம் மாதிரி பளீரென்று ஓடியது.

பிடுங்கியதையும் வைத்ததையும் நான் விவரிக்கப் போவதில்லை, அது உங்களுக்குத் தெரிந்த வேலை. தெரியாதது ஒன்று உண்டு. இரண்டாவது வயரில் இருக்கும்போது ஃபைனலுக்கு வண்டிகளைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்கள். யாரோ லாரிக் கதவைத் தட்டினார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. ஈயம் இறுகும் வரை வயரை அசைக்கக் கூடாது, ஊதக் கூடாது. அந்தச் சின்ன நேரத்தில் ஒருவர் கூப்பிட்டார் என்று திரும்பினீர்கள் என்றால் அதுவரை செய்தது அத்தனையும் வீண். தங்கராசு மூச்சை அடக்கிக்கொண்டு இடுக்கியால் வயரைப் பிடித்திருந்தார். கை ஒரு நூல் கூட ஆடவில்லை. மலைப்பாதையில் லோடு லாரியைப் பிடித்த கை அது.

"இப்ப இழுத்துப் பாருங்க" என்றேன். அவர் இழுத்தார். "தார்ப்பாய்க் கயிறு இழுக்கிற மாதிரி இழுக்காதீங்க!" என்று கத்தினேன். வயர் அசையவில்லை. சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று அவரை வாய்விட்டுச் சொல்ல வைத்தேன். சொன்னார். பேட்டரியை மாட்டினோம். கார் பீப் என்றது. அந்தப் பீப் சத்தம் எனக்குக் கோயில் மணி கேட்ட மாதிரி இருந்தது.

மைக் திரும்ப வந்ததும் அறிவிப்பாளர் பழி வாங்கினார். "கடைசி வண்டி, கடைசியா வந்து, கடைசியா நிக்குது!" என்றார். கூட்டம் சிரித்தது. தங்கராசு சிரிக்கவில்லை. ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நின்னுறாத சாமி, நின்னுறாத" என்று காரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொடி இறங்கியது. எல்லோரும் முதல் வளைவுக்கு முண்டியடித்துப் போய் மூலை மாவில் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினார்கள். தங்கராசு வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, உள்பக்கமாக, மாவில் டயர் படாமல் திருப்பி வெளியே வந்தார். ஒரே வளைவில் பாதிப் பேர் அவருக்குப் பின்னால் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வளைவுக்கு ஒருவராகத் தாண்டினார். முந்த இடம் இல்லாத இடத்தில் முண்டவில்லை. பின்னாலேயே பொறுமையாக ஒட்டிக்கொண்டு போய், முன்னால் போகிறவர் தடுமாறும்போது நுழைந்தார்.

கடைசிச் சுற்றில் அவருக்கு முன்னால் ஒரே ஒரு ஈரோட்டு வண்டி. நேர்ப் பாதைக்கு இருவரும் சேர்ந்தே திரும்பினார்கள். காலையில் விக்கி நின்றது அந்த இடத்தில்தான். தங்கராசு விரலை முழுக்க அழுத்தினார். என் கண்கள் தானாக மூடிக்கொண்டன. கூட்டத்தின் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். கார் விக்கவில்லை. மூச்சுவிடாமல் இழுத்துக்கொண்டு போனது, ஈரோட்டு வண்டியைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தாண்டியது. அறிவிப்பாளர் தன் கோபத்தை மறந்து, "கடைசி வண்டி முதல் வண்டி! கடைசி வண்டி முதல் வண்டி!" என்று மைக்கே உடைந்துபோகிற மாதிரி கத்தினார். இந்த வயதில் நான் குதித்தேன். சதீஷும் குதித்தார். செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது.

மேனேஜர் பந்தலில் இருந்து எழுந்து வந்தார். கை கொடுத்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு ஒரு கண்ணு தெரியாதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டார்.

"ஆமாங்க. இன்னொண்ணு தெரியுதுங்க" என்றார் தங்கராசு.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "அது போதும். திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார்.

அவர் போன பிறகு தங்கராசு மல்லிகாவைப் போனில் கூப்பிட்டார். நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். அந்தப் பக்கம் பண்ணைக் கோழிகளின் சத்தம் கேட்டது. என்னவெல்லாமோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஜெயித்ததைக்கூட அவர் சொல்லவில்லை.

"மல்லிகா, திங்கக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு கட்டோணும்."

கோழிச் சத்தத்துக்கு நடுவே மல்லிகா கேட்டார்:

"எத்தன மணிக்குங்க கெளம்போணும்?"

தங்கராசு சட்டைக் காலரால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. அழுதுகொண்டே அயர்னைத் துடைத்து, பிட்டின் முனைக்குப் புது ஈயம் பூசி, ஆற வைத்தேன். பூசாமல் வைத்தால் பிட் கறுத்துப் போகும். சிரித்தாலும் அழுதாலும் அதைச் செய்யாமல் மேசையை விட்டு எழாதீர்கள்.